சந்திரலோகத்தார் செய்த மரியாதை

இலங்கை மலைநாட்டுப் பதுளைக்கு இன்னும் ரயில் வராத காலம். கடைத்தெருவில் எனக்கு ஒரு சின்ன ஜவுளிக்கடை இருந்தது. அந்த வருடம் இந்தியாவிலிருந்து ஒரு நாடகக் கம்பெனி வந்து தகரக் கொட்டகை போட்டது. ஆகாயக் கப்பலில் ஏறிச் சந்திரனுக்குப் போகிற கதை. நாடகமெல்லாம் நமக்கு ஆகாது என்று வீட்டில் ஒரே முணுமுணுப்பு. எனக்கோ நாடகமென்றால் உயிர். சின்ன மகளையும் தோளில் தூக்கிக்கொண்டு போய்விட்டேன்.

சந்திரலோகத்து மனிதராக வந்தவருக்கு வசனமே கிடையாது. அந்த உலகத்தில் மரியாதை செய்வதென்றால் வாயை அகலத் திறந்து, நாக்கை நீட்டி, 'ஆ' என்பார்களாம். எதிரே நிற்பவரும் அப்படியே திருப்பிச் செய்ய வேண்டும். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. கம்பெனி ஊர் திரும்பிய பிறகும் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்புகளில் பிள்ளைகள் சந்தித்துக்கொண்டால் இதே மரியாதைதான்.

சந்திரலோகத்து மனிதராக நடித்தவர் மட்டும் உடம்புக்கு முடியாமல் பதுளையிலேயே தங்கிவிட்டார். பாவம், வாழ்நாளெல்லாம் மந்திரி, முனிவர், சேனாதிபதி என்று மேடையில் முழங்கிய மனிதர். அதெல்லாம் ஒருவருக்கும் நினைவில்லை. தெருவில் யாராவது வாயைப் பிளந்து காட்டினால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

ஒரு நாள் காலையில் மகள் இருமியபோது ரத்தம் வந்தது. நான் தோட்டத்துக்குத் துணி விற்கப் போனபோது கூட வந்தவள், மலைத்தண்ணீர் கொட்டும் பீலியில் வாய் வைத்துக் குடித்திருக்கிறாள். அட்டை ஒன்று தொண்டைக்குள் போய் ஒட்டிக்கொண்டது. அவளை அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

டாக்டர் கையில் இடுக்கியைப் பார்த்ததும் பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டாள். விரலை விட்டுப் பார்த்த டாக்டருக்கும் ஒரு கடி.

"வாயத் தொறங்க மகள், வாப்பா சொல்றேன்ல" என்று கெஞ்சினேன். அசையவில்லை.

"பலவந்தம் பண்ணினா அட்டை மூச்சுக்குழாய்க்குள்ள போயிரும். பிறகு என் கையில ஒண்ணுமில்ல" என்றார் டாக்டர். அவளுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியிருந்தது.

மருந்துக்காக வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த அந்த நடிகர் எழுந்து வந்தார். வாயைத் திற என்று அவளை அதட்டப் போகிறார் என்றே நினைத்தேன். அவர் மகள் முன்னால் குந்தி உட்கார்ந்து, மேடையில் நின்ற அதே கம்பீரத்தோடு, பல் விழுந்த வாயை அகலத் திறந்து 'ஆ' என்றார்.

மகள் அவரையே பார்த்தாள். சந்திரலோகத்தார் மரியாதை செய்தால் சும்மா இருக்கலாமா? அவளும் திறந்தாள், தொண்டை தெரிய. டாக்டரின் இடுக்கி போனதும் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை. கறுப்பாக ஒன்று நெளிந்துகொண்டு வெளியே வந்தது.

நான் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். அவரோ சிரித்தார்.

"மந்திரியா நின்னு விடிய விடிய வசனம் பேசியிருந்தா இந்தப் புள்ள வாயத் தொறந்திருக்குமாங்க?" என்றார்.

கொஞ்ச நாளில் அவரும் ஊருக்குப் போய்விட்டார். சந்திரலோகத்தார் என்றே அழைத்துப் பழகியதால் அவருடைய சொந்தப் பெயரைக் கேட்டு வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. இன்றும் தொழுது முடித்து மகளுக்காகக் கையேந்தும் போதெல்லாம் அவருக்காகவும் ஏந்துகிறேன். யாருக்காகக் கேட்கிறேன் என்று அல்லாஹ்வுக்குத் தெரியும்.