கடலில் திரும்பும் பிள்ளைகள்

நெடுந்தீவில் மருத்துவமாதாக இருக்கும் சிவரூபிக்குப் போன மாசி முழுக்க ஒரே குழப்பம். அவள் ஸ்கான் செய்த நிறைமாத வயிறுகளில், கீழே இருக்க வேண்டிய தலை பாதிக்குப் பாதி பிள்ளைகளுக்கு மேலே இருந்தது.

சின்ன ஸ்கான் கருவி ஒன்றைக் கொடுத்து, யாழ்ப்பாணத்தில் பழக்கி அனுப்பியிருந்தார்கள். அவள் எடுக்கும் படங்கள் போனிலேயே டொக்டர் குலசிங்கத்துக்குப் போகும். முறையாக எடுத்த படமா என்று அவர் பார்த்துப் பதில் போடுவார். கருவியின் ஓரத்தில் ஒரு புள்ளி உண்டு. அது தாயின் தலைப்பக்கம் இருந்தால்தான் படத்தில் மேல் கீழ் சரியாக வரும். பழகிய அறையில் கட்டிலின் தலைமாடு சுவரோடு இருந்தது. 'புள்ளி சுவரைப் பார்க்க வேண்டும்' என்று சிவரூபி மனதில் பதித்துக்கொண்டாள். தீவிலும் கட்டில் அப்படியேதான் கிடந்தது.

தலை மேலே என்று வந்தவர்களைப் படகேற்றி அனுப்பினாள். பெரிய ஆஸ்பத்திரியிலோ, தலை கீழேதான் இருக்கிறது, ஏன் வந்தீர்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். போகவும் வரவும் படகோரம் குனிந்து சத்தியெடுத்தவர்கள் அவளை முறைத்தார்கள். படகின் ஆட்டத்தில்தான் பிள்ளை திரும்பியிருக்கும் என்று அவள் முடிவுகட்டினாள். சிரிக்காதீர்கள், அந்தக் கடலில் ஒருமுறை போய்வந்தால் நீங்களும் நம்புவீர்கள். ஆனால் ஜசிந்தா போன்ற, மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரப் பெண்களின் பிள்ளைகள் மட்டும் எப்படி ஒழுங்காகத் தலைகீழாக இருக்கின்றன என்பதுதான் அவளுக்கு விளங்கவில்லை.

டொக்டருக்கும் விளங்கவில்லை. ஸ்கான் செய்யும்போது அறை முழுவதையும் போனில் காட்டச் சொன்னார். பார்த்தார்.

"மிஸி, அவ ஏன் கால்மாட்டிலை தலை வைச்சுப் படுத்திருக்கிறா?"

"தலைமாடு வடக்கு, டொக்டர். எங்கடை சைவ ஆக்கள் வடக்கை தலை வைக்க மாட்டினம்."

சொல்லி முடித்ததும்தான் கையைப் பார்த்தாள். புள்ளி சுவரைப் பார்த்தபடி இருந்தது. சுவர்ப்பக்கம் இருந்தவை அந்தப் பெண்ணின் கால்கள்.

டொக்டர் சிரித்துவிட்டார். சிவரூபிக்கும் சிரிப்பு வந்தது, அப்பாடா என்று இருந்தது. அப்போதுதான் துஷாந்தியின் நினைவு வந்தது. சைவப் பெண்களில் அவள் ஒருத்திக்குத்தான் தலை கீழே என்று படம் வந்திருந்தது. பயமில்லை, வலி கண்ட பிறகு போகலாம் என்று வீட்டில் விட்டிருந்தாள். நெஞ்சுக்குக் கீழே உருண்டையாக ஏதோ அன்றைக்கே கையில் தட்டுப்பட்டது. கையை நம்பாமல் படத்தை நம்பி, அது பிள்ளையின் பின்பக்கம் என்று சொல்லியிருந்தாள்.

சைக்கிளை மிதித்துக்கொண்டு போனாள். துஷாந்தி வாசற்படியில் இடுப்பைப் பிடித்தபடி இருந்தாள், காலையிலிருந்து உளைவாம். பிள்ளைக்குத் தலை மேலே, இங்கே பெறுவது ஆபத்து, உடனே படகேற வேண்டும் என்று சிவரூபி மூச்சுவாங்கச் சொன்னாள். கணவன் தயாபரன் ஒன்றும் கேட்காமல் படகுக்காரனைப் பிடிக்க ஓடினான். துஷாந்திக்குத்தான் எதை நம்புவதென்று தெரியவில்லை.

"இப்ப சொல்லுறதாவது சரியோ, மிஸி?"

சிவரூபி படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். துஷாந்தியின் கையை எடுத்து நெஞ்சுக்குக் கீழே வைத்து அழுத்தினாள்.

"இதுதான் தலை. நீரே பாரும்."

துஷாந்தி கையை அசைக்காமல் வைத்திருந்தாள்.

"குண்டியெண்டெல்லோ சொன்னனீங்கள்," என்றாள். "நான் ஒவ்வொரு நாளும் தட்டித் தட்டி விளையாடினனான்."