எழுத்தம்மா ஏரி பார்க்கப் போனது

பேக்கரியில் அவரை எல்லோரும் எழுத்தம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கேக் மேல் பெயர் எழுதுவது அவர் வேலை. காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி, க்ரீமை நிரப்பி, முனையைக் கத்தரித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பில் எழுதிவிடுவார். பிறந்த நாள், கல்யாண நாள், பணி ஓய்வு எல்லாவற்றுக்கும் எழுதியிருக்கிறார். ஒருமுறை விவாகரத்துக்குக்கூட எழுதினார். அதற்கு என்ன பூ போடுவது என்று தெரியாமல் முதலாளியிடம் போய் நின்றது தனிக்கதை.

மகன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷம் தட்டு கழுவுகிற வேலைக்குத்தான் அங்கே சேர்ந்தார். எழுதுகிறவர் ஒருநாள் வரவில்லை. வாசலில் வாடிக்கையாளர் கத்திக்கொண்டிருந்தார். "உங்க கையெழுத்து நல்லாத்தானே இருக்கும், எழுதிப் பாருங்க" என்று முதலாளி கூம்பைக் கையில் திணித்தார். அன்று பிடித்ததுதான். மகன் வளர்ந்து வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டான். எழுத்தம்மா அதே மேசை முன்னால்தான் நின்றுகொண்டிருந்தார்.

கோடை தொடங்குகிற சமயத்தில் மலையேறும் சங்கம் ஒன்றிலிருந்து ஒரு நெட்டையான ஆள் வந்தார். வெயிலில் தோல் உரிந்த மூக்கு. சங்கத்து ஆண்டு விழாவுக்கு ஒரு பெரிய கேக் வேண்டும், மேலே ஏரி வரைய வேண்டும் என்றார். மரம்கூட முளைக்காத உயரத்தில், பனி மூடிய சிகரங்களுக்கு நடுவே இருக்கிற ஏரி. கைப்பேசியில் படம் காட்டினார். எழுத்தம்மா மூன்று விதமாக நீலம் கலந்து, மெனக்கெட்டு வரைந்து வைத்தார். மறுநாள் கேக்கை வாங்க வந்த நெட்டையர் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"அழகா இருக்கு. ஆனா நிறம் இது இல்லைங்க."

"படத்துல இதானே இருந்துச்சு?"

"படத்துல அப்படித்தான் வரும். நேர்ல வேற."

"வேறன்னா? பச்சையா?"

"பச்சைன்னும் சொல்ல முடியாது. எப்படிச் சொல்றது..." அவர் மூக்கைச் சொறிந்துகொண்டார். "நீங்களே வந்து பாருங்களேன். அடுத்த மாசம் ஒரு குழுவைக் கூட்டிட்டுப் போறேன். நடக்கத் தெம்பு இருந்தா போதும்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் எழுத்தம்மா சிரித்துவிட்டு விட்டிருப்பார். ஆனால் இத்தனை வருஷத்தில் அவர் கேக்கைப் பார்த்து நிறம் சரியில்லை என்று ஒருவரும் சொன்னதில்லை. அந்த வார்த்தை மனதைக் குடைந்துகொண்டே இருந்தது. சாப்பிடும்போது கணவரிடம் பேச்சை எடுத்தார். கணவர் பஸ் ஓட்டுநர்.

"தாராளமா போயிட்டு வா. ஆனா என்னைக் கூப்பிடாத. பஸ் போகாத இடத்துக்கு நான் வர்றதில்லை."

"நான் வரேன் அண்ணி" என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

அது குட்டி, கணவரின் தங்கை. எதிர் வீட்டில்தான் இருக்கிறாள். ஐம்பது வயது, கதவை நிறைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. அண்ணன் சின்ன வயதில் வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. கண் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். நோயாளிகளின் பெயரை அவள் கூப்பிடுகிற சத்தத்துக்குப் பயந்து அங்கே மைக்கே வாங்கவில்லை. எழுத்தம்மா கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலிருந்தே அண்ணிக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். பெரிய சண்டை என்று ஒன்றும் கிடையாது. குழம்பில் உப்பு, ஜன்னலைத் திறப்பதா மூடுவதா, அண்ணன் ஏன் இளைத்துவிட்டான், இப்படி.

வேண்டாம் என்று சொல்ல எழுத்தம்மாவுக்கு வாய் வரவில்லை. இரண்டு பேரும் பயிற்சியில் இறங்கினார்கள். தண்ணீர் பாட்டில் அடைத்த பையை முதுகில் மாட்டிக்கொண்டு அடுக்குமாடிக் கட்டடத்தின் படிகளில் ஏறி ஏறி இறங்கினார்கள். லிஃப்ட் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து மேல் வீட்டுக்காரர் பராமரிப்பு ஆபீசுக்கு ஃபோன் போட்டுவிட்டார்.

பஸ் அவர்களை இறக்கிவிட்ட இடத்திலிருந்து முதல் நாள் முழுக்க ஊசியிலைக் காட்டுக்குள் நடை. குட்டியின் வாய் ஓயவில்லை. பாதை, காலணி, நெட்டையரின் மூக்கு, எதையும் விட்டுவைக்கவில்லை. சாயங்காலம் கல்லால் கட்டிய ஒரு குடிலில் தங்கினார்கள். அதை ஒரு பெண்மணி நடத்திவந்தார். வாரம் ஒருமுறை ஏரிக்குப் போய், அங்கே நட்டிருக்கிற அளவுகோலில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்து நீர்வள ஆபீசுக்குச் சொல்வதும் அவர் வேலை. மறுநாள் அவரும் குழுவோடு கிளம்பினார்.

மரங்கள் முடிந்து வெறும் பாறை தொடங்கியது. காற்று மெலிந்தது. பத்தடி நடந்தாலே இதயம் காதுக்குள் வந்து அடித்தது. எழுத்தம்மா தரையைப் பார்த்துக்கொண்டே ஏறினார். வெகுநேரம் கழித்துத்தான் ஏதோ குறைகிறது என்று பட்டது. குட்டியின் சத்தம் இல்லை.

திரும்பிப் பார்த்தார். குட்டி பின்னால்தான் வந்துகொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"என்ன பண்ணுது?"

"ஒண்ணுமில்ல."

"குட்டி, நீ இவ்வளவு நேரம் பேசாம இருந்து நான் பார்த்ததே இல்ல. என்ன பண்ணுது, சொல்லு."

"தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது அண்ணி. வாந்தி வர மாதிரி இருக்கு. யார்கிட்டயும் சொல்லாதீங்க. இன்னும் கொஞ்ச தூரம்தானே."

எழுத்தம்மா நேரே நெட்டையரிடம் போய்ச் சொல்லிவிட்டார். அவர் குட்டியைப் பார்த்ததும் தலையை ஆட்டினார். உயரம் ஒத்துக்கொள்ளவில்லை, உடனே கீழே இறங்கினால் சரியாகிவிடும், மேலே போனால் ஆபத்து என்றார். குடில்காரப் பெண்மணி தானே கூட்டிக்கொண்டு இறங்குவதாகச் சொன்னார்.

"நீங்க மேல போங்க அண்ணி. எனக்காக எதுக்கு?"

"உங்க அண்ணனுக்கு யாரு பதில் சொல்றது? நட."

கோபமாகத்தான் சொன்னார். இறங்கும்போது கோபம் இன்னும் ஏறியது. தன் மேல், குட்டி மேல், ஒருவரையும் விடவில்லை. குடிலுக்கு வந்து குட்டியைப் படுக்கவைத்துவிட்டு, விறகு அடுக்கியிருந்த பக்கம் போய்க் கொஞ்சம் அழுதார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தபோது, குட்டி எழுந்து உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, இதுல உப்பே இல்ல" என்றாள், ஊருக்கே கேட்கிற மாதிரி.

எழுத்தம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிழைத்துக்கொண்டாள்.

மாலையில் ஏரியைப் பார்த்துவிட்டுக் குழு திரும்பியது. காலையில் எல்லோரும் பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். எழுத்தம்மாவும் பையை எடுத்தார். அப்போது குடில்காரப் பெண்மணி அடுப்பைத் துடைத்தபடியே கேட்டார்: "நேத்து பாதியில திரும்பிட்டேன்ல, இன்னைக்கு நான் அளவு எடுக்கப் போயே ஆகணும். உங்க நாத்தனாருக்குத் தலைவலி போயிடுச்சா?"

"சுத்தமா போயிடுச்சு" என்று குட்டியே பதில் சொன்னாள்.

"அப்ப ரெண்டு பேரும் வாங்களேன். ஆமை மாதிரி போவோம். மறுபடி வலிச்சா அந்த இடத்துலயே திரும்பிடணும். ஒளிக்கக் கூடாது. பஸ் நாளைக்கும் வரும்."

நெட்டையர் யோசித்தார். குட்டியை நடக்கவிட்டுப் பார்த்தார், கேள்வி மேல் கேள்வி கேட்டார், பிறகு சரி என்றார்.

ஆமையே தேவலை என்கிற வேகத்தில் ஏறினார்கள். நின்று, தண்ணீர் குடித்து, மறுபடி ஏறினார்கள். நேற்றுத் திரும்பிய இடம் வந்ததும் எழுத்தம்மா குட்டியின் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். குட்டியோ, மருத்துவமனையில் கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டே கண்ணாடியைத் தேடிய ஒரு நோயாளியின் கதையைப் பாதியில் விட மனமில்லாமல் மூச்சிரைக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் கதை முடிவதற்குள் கணவாய் வந்துவிட்டது. கீழே ஏரி கிடந்தது.

எழுத்தம்மா அப்படியே நின்றுவிட்டார்.

கரையோரத்தில் தண்ணீருக்கு நிறமே இல்லை. அடியில் கிடந்த ஒவ்வொரு கூழாங்கல்லும் மேசைமேல் வைத்தது போலத் தெரிந்தது. கொஞ்சம் தள்ளிப் பாட்டில் கண்ணாடியின் பச்சை. நடுவில் கறுப்பு மை கொட்டியது போல ஒரு ஆழம். என்ன கலந்தால் அது வரும் என்று கணக்குப் போட ஆரம்பிப்பதற்குள் ஒரு மேகம் வந்தது. மொத்த ஏரியும் ஈயத்தட்டு மாதிரி ஆயிற்று. மேகம் விலகியது. இப்போது முன்பிருந்த பச்சை இல்லை, வேறு எதுவோ.

"அந்த ஆள் மூக்கைச் சொறிஞ்சதுல தப்பே இல்ல" என்றார் எழுத்தம்மா.

குடில்காரப் பெண்மணி அளவுகோலைப் பார்க்கப் போனார். எழுத்தம்மா காலணியைக் கழற்றித் தண்ணீரில் கால் வைத்து, வைத்த வேகத்தில் எடுத்தார். கால் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டார். குட்டி ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தாள். சத்தமே இல்லை. எழுத்தம்மா வெறுங்காலோடு ஓடினார்.

"தலை வலிக்குதா? உண்மையைச் சொல்லு."

"இல்ல அண்ணி. சும்மா பார்த்துட்டு இருக்கேன்."

எழுத்தம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். அவித்த முட்டையை உரித்து ஆளுக்கொன்று தின்றார்கள். காற்று தண்ணீரின் மேல் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"நேத்து நீங்க இறங்கி வந்திருக்க வேண்டாம்" என்றாள் குட்டி. "நானா இருந்தா வந்திருப்பேனான்னு யோசிச்சுப் பார்த்தேன்."

"வந்திருப்பியா?"

"வந்திருப்பேன். ஆனா வழியெல்லாம் திட்டியிருப்பேன்."

"நானும் திட்டினேன். மனசுக்குள்ள."

குட்டி சிரித்த சிரிப்பு எதிர் மலையில் மோதித் திரும்பி வந்தது. தூரத்தில் அளவு எடுத்துக்கொண்டிருந்த பெண்மணி நிமிர்ந்து பார்த்தார்.

ஊர் வந்து சேர்ந்தபோது கணவர் பஸ் நிலையத்தில் காத்திருந்தார். அன்று அவருக்கு விடுமுறை. ஆனாலும் காக்கிச் சட்டையில் வந்திருந்தார், பழக்கதோஷம். இருவரின் பைகளையும் வாங்கிக்கொண்டார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒருத்தி விட்ட இடத்தில் இன்னொருத்தி பிடித்துக்கொண்டாள். யார் எதைச் சொல்கிறார்கள் என்று புரியாமல் அவர் இடமும் வலமும் மாறி மாறிப் பார்த்தபடி நடந்தார். கடைசியில் ஒரு இடைவெளி கிடைத்தது.

"சரி, ரெண்டு பேரும் எத்தனை தடவை சண்டை போட்டீங்க?"

எழுத்தம்மா குட்டியைப் பார்த்தார்.

"மூச்சு விடவே நேரம் சரியா இருந்துச்சு அண்ணா" என்றாள் குட்டி.