அரூர் கிடங்கில் ஒரு செய்முறைத் தேர்வு

எங்கள் பல்கலைக்கழகத்தின் பொன்விழா மலரில் தாவரவியல் துறையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அடிக்கல் நாட்டிய கதை, சீமையிலிருந்து மைக்ராஸ்கோப் வந்த கதை எல்லாம் இருக்கிறது. நாங்கள் அரூரில் இருந்த காலத்துக்கு மட்டும் அரை வரி: ‘போர்க்காலத்தில் துறை தற்காலிகமாக வேறிடத்தில் இயங்கியது.’ இயங்கியதாம்! எழுதினவர் அப்போது பிறந்தே இருக்கமாட்டார். அந்தத் துறையில் விரிவுரையாளராக இருந்தவள் நான், இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

கடற்கரைப் பட்டணத்தில் குண்டு விழும் என்று நாற்பதுகளின் தொடக்கத்தில் எல்லாரும் மூட்டை கட்டினார்கள். பல்கலைக்கழகமும் துறைவாரியாகப் பிரிந்து உள்ளே தள்ளி இடம் தேடியது. அரூரில் என் பெரியப்பாவின் நிலக்கடலைக் கிடங்கு காலியாக இருக்கிறது, அங்கே போகலாம் என்று சொன்னது நான்தான். எங்கள் துறைத் தலைவருக்குப் பிடிக்கவில்லை, ஆனால் அவருக்கு வேறு இடமும் கிடைக்கவில்லை. மொரப்பூர் ஸ்டேஷனில் இறங்கி, மைக்ராஸ்கோப் பெட்டிகளை வைக்கோல் பரப்பிய மாட்டுவண்டியில் ஏற்றி, அரூர் வரைக்கும் நான் வண்டி கூடவே நடந்தேன்.

கிடங்கு பெரிது, வெளிச்சமும் உண்டு. கடலைத் தூசியில் தும்மல்தான் ஓயாமல் வரும். உண்மையான குறை, தோட்டம் இல்லாதது. பட்டணத்தில் எங்களுக்கு அருமையான தோட்டம் இருந்தது, செடிக்குச் செடி பெயர்ப் பலகை தொங்கும். செய்முறைத் தேர்வுக்கு வெளியூர்ப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு தேர்வாளர் வருவார். அவர் சொல்லும் பூவை அந்தத் தோட்டத்திலிருந்தே பறித்து ஆளுக்கொன்று கொடுப்போம். மாணவர்கள் அதைப் பிரித்து, வரைந்து, எந்தக் குடும்பம் என்று எழுத வேண்டும். அரூரில் மழை நின்றதும் பூவெல்லாம் போயிற்று. காய்ந்த சோளத்தட்டைக்கு நடுவே வெயிலுக்கு அசராமல் பூத்துக்கொண்டிருந்தது எருக்கு ஒன்றுதான்.

சரி, எருக்கையே அறுப்போம் என்று ஆரம்பித்தேன். சாமானியமான பூ அல்ல அது. மற்ற பூக்களில் மகரந்தம் பொடியாக உதிரும். எருக்கில் அது இரண்டு சின்ன மெழுகுப் பைகளாக ஒரு கருப்புப் புள்ளியில் மாட்டிக்கொண்டு உள்ளே ஒளிந்திருக்கும். தெரியாதவன் பொடியைத் தேடித் தேடிப் பூவையே நசுக்கிவிடுவான். வாரா வாரம் கூடை கூடையாகப் பறித்து, பாலைக் கழுவி, பிள்ளைகள் முன் கொட்டுவேன். “எருக்கப் போயி யாராச்சும் வூட்டுக்குள்ள கொண்டாருவாங்களா? இத நோண்டறதுக்கா உன்ன அத்தன படிக்க வெச்சோம்?” என்று என் ஆத்தா தலையில் அடித்துக்கொள்வாள்.

தேர்வு நெருங்கியபோது தலைவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்.

“வரப்போறவர் ரொம்பக் கறார் பேர்வழியாம்மா. தோட்டம் இல்லாத எடத்துல நடந்த பரீட்சை செல்லாதுன்னு அவர் எழுதிட்டா, பிள்ளைங்களுக்கு ஒரு வருஷம் போச்சு.”

வருஷம் போனால் பையன்கள் எப்படியோ சமாளிப்பார்கள். வகுப்பில் ஒரே ஒரு பெண் இருந்தாள், வாயைத் திறந்தால் பக்கத்தில் இருப்பவனுக்கும் கேட்காது. இந்த வருஷம் பாஸாகாவிட்டால் படிப்பை நிறுத்திக் கல்யாணம் என்று அவள் அப்பா நாள் குறிக்காத குறையாகச் சொல்லியிருந்தார். அவளை நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அரூருக்கு வரச் சொன்ன வாய் என் வாய்தானே!

தலைவர் ஆள் அனுப்பிச் சித்தேரி மலையிலிருந்து காட்டுப் பூக்களை ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவரச் செய்தார். தேர்வாளர், பெட்ரோல் பஞ்சத்தால் அப்போது அடுப்புக்கரியில் ஓடிய கரிவண்டி பஸ்ஸில் வந்து இறங்கினார், சட்டையெல்லாம் கரி. சாக்கைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

“இதெல்லாம் நீங்க முன்னாடியே காட்டிக் குடுத்த பூவா இருக்கும். நானே போய்ப் பறிச்சுட்டு வரேன்” என்று குடையை விரித்துக்கொண்டு வெயிலில் இறங்கினார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அப்புறம்தான் உறைத்தது: மனிதர் இந்த வெயிலில் எதைப் பறிக்கப் போகிறார்? கொஞ்ச நேரத்தில் வியர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்து, துண்டை மேசைமேல் அவிழ்த்தார். எருக்கு.

“கஷ்டமான பூதான். என்ன பண்றது, உங்க ஊர்ல இதுதான் கெடைச்சுது” என்றார்.

நான் பிள்ளைகள் பக்கமே திரும்பவில்லை. ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான். தலைவர் பாசி, காளான் பாடம் நடத்துகிறவர். கிடங்கின் இந்தக் கோடியில் நாங்கள் என்ன அறுத்தோம் என்று அவருக்கு என்ன தெரியும்? “தொலைஞ்சோம்மா” என்று என் காதில் முனகினார். “சும்மா இருங்க சார்” என்றேன்.

நேரம் முடிந்ததும் தேர்வாளர் லென்ஸோடு முதல் மேசையில் குனிந்தார். இரண்டு பைகளும் உடையாமல், ஜோடியாக, கண்ணாடித் துண்டின்மேல் கிடந்தன. அடுத்த மேசையிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். கடைசியில் அந்தப் பெண்ணிடம் வந்தார்.

“எப்படி எடுத்தே? காட்டு பார்க்கலாம்.”

அவள் வேறொரு பூவை எடுத்தாள். ஊசி முனையைக் கருப்புப் புள்ளியில் கொடுத்து, அலுங்காமல் மேலே தூக்கினாள். இரண்டு பையும் ஒட்டிக்கொண்டு வந்தன. பிறகு அவர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும், கிடங்கின் அந்தக் கோடிக்குக் கேட்கும்படி பதில் சொன்னாள். அவள் குரலை நான் முழுசாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

தேர்வாளர் என் பக்கம் திரும்பினார். “எங்க தோட்டத்துல படிக்கிற பசங்க இத நசுக்கிடுவாங்க. இவங்க எத்தனை தடவை செஞ்சாங்க?”

“கணக்கே இல்லீங்க. இங்க வேற பூ கெடையாதுங்களே!”

அவர் என்னைப் பார்த்தார், தன் துண்டைப் பார்த்தார், பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். தேர்வு செல்லும் என்று எழுதி, அங்கேயே கையெழுத்தும் போட்டார்.

அந்த வருஷம் எங்கள் வகுப்பில் ஒருவர்கூடத் தோற்கவில்லை. அந்தப் பெண் மேலே படித்து எங்கள் துறைக்கே வேலைக்கு வந்தாள், பல வருஷம் கழித்துத் துறைத் தலைவராகவும் ஆனாள். அவள் தலைவராக முதல்முதலாக அறைக்குள் நுழைந்தபோது நான் எழுந்து நின்றேன். பதறிப்போய் “உட்காருங்கம்மா” என்றாள். நான் உட்காரவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.