பூட்டை ஆட்டிப் பார்க்கிற வாத்தியார்

சிறையில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று அங்கேயே சம்பளம் வாங்குகிறவர்களைக் கொண்டு கண்டுபிடிக்க வைப்பதுதான் என் தொழில். பாதுகாப்புத் தணிக்கை என்று இதற்குப் பெயர். ஜெயிலராக இருந்து ஓய்வு பெற்றபின், காஞ்சிபுரத்தில் ஒரு ஹாலில் சிறைக் காவலர்களுக்கு இந்தப் பயிற்சியைக் கொடுத்து வருகிறேன். 'ஆடிட்' என்ற சொல்லைக் கேட்டதுமே வயிற்றைப் பிடித்துக்கொள்கிற அன்பர்களே, நாம் எல்லோரும் ஒரே கட்சி. என்ன, நான் அந்த வயிற்றுவலியைக் கொடுக்கிற பக்கம் உட்கார்ந்திருக்கிறேன்.

பாயசம் பரிமாறியவர்

சிறைக்குள் போவதற்கு முன்னால் வேறு ஓர் இடத்தில் கண்ணைப் பழக்க வேண்டும். அதனால் முதல் ஒத்திகையை ஓரிக்கைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தேன். அன்றைக்கு நிஜமாகவே அங்கே ஒரு கல்யாணம். மேனேஜரிடம் முன்பே சொல்லியிருந்தோம். "நம்ம மண்டபத்துல சம்பந்தமில்லாதவன் ஒருத்தன் உள்ள வர முடியாது சார்" என்றார் பெருமையாக. என் மாணவர்களிடம், சீர்வரிசை வைத்திருக்கும் அறை வரை யாரும் தடுக்காமல் போக முடிகிறதா என்று பார்க்கச் சொன்னேன்.

பயிற்சிக்கு வந்திருந்த தலைமைக் காவலர் முருகேசன் தாமல்காரர். ஓய்வுக்கு அதிக நாள் இல்லாதவர். பின்வாசல் வழியாகச் சமையல்கட்டுக்குப் போனார், இடுப்பில் ஒரு துண்டைக் கட்டினார், பாயச வாளியைத் தூக்கினார். பந்தி முழுக்கப் பரிமாறிக்கொண்டே போய், சீர்வரிசை அறையில் காவலுக்கு உட்கார்ந்திருந்தவருக்கும் ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். பெண்ணின் அப்பாவே கூப்பிட்டு இன்னொரு கரண்டி கேட்டாராம். விஷயத்தைச் சொன்னதும் மேனேஜர் தலையைச் சொறிந்தார்:

"திருடன் வந்தா புடிச்சிடுவேன் சார். வாளி தூக்கிக்கினு வர்றவன எவன் சார் கேப்பான்?"

கேட்டில் நின்ற வேணி

அடுத்தது பெண்கள் கிளைச் சிறை. அங்கே வேணி என்று ஓர் இளம் காவலர், நெசவுக் குடும்பத்து மருமகள். அன்றைக்கு கேட் டியூட்டி. யாராக இருந்தாலும் போனை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தேன். அந்த நேரம் பார்த்து மேலதிகாரி ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார்.

வேணி விறைப்பாக சல்யூட் அடித்தார். அடித்த கையையே நீட்டி, "சார், போன்" என்றார். அதிகாரியின் முகம் சிவந்தது. "என்னைத் தெரியலையா?" "தெரியுது சார். அதான் சல்யூட் அடிச்சுட்டுக் கேக்கறேன்." அதிகாரியின் ஒரு பாக்கெட்டிலிருந்து ஒரு போன், இன்னொரு பாக்கெட்டிலிருந்து இன்னொரு போன். எடுத்துக் கொடுத்துவிட்டு, என்னிடம் "நல்லாத்தான் கத்துக்கொடுத்திருக்கீங்க" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார். வேணி முகத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"வேல போனா போவட்டும்னுதான் கேட்டேன் சார், வூட்ல தறி இருக்குது. அப்புறந்தான் ஞாபகம் வந்துச்சு, அங்க எங்க மாமியார்தான் சூப்பிரண்டு!"

குளிக்காத மனிதர்

தணிக்கையில் ஒரு பகுதியைச் சொன்னதும் வகுப்பே என்னை முறைத்தது. உள்ளே இருப்பவர்களிடமும், "உனக்கு இங்கே எந்த இடத்தில் பயம்?" என்று கேட்க வேண்டும். முருகேசன் எழுந்தே விட்டார். "இன்னா ஐயா இது? அவன் ஓடாம பாத்துக்கறதுதான நம்ம வேல?" ஓடாமல் பார்ப்பது பாதி வேலைதான், உள்ளே அவனுக்கு ஒன்றும் ஆகாமல் பார்ப்பது மீதி என்றேன். அவர் சமாதானமாகவில்லை.

ஆனாலும் அவர் வேலை பார்க்கும் கிளைச் சிறையில் தணிக்கை நடந்தபோது, சொன்னபடியே கேட்டார். தனசேகர் என்று ஒரு விசாரணைக் கைதி, மாகறல் பக்கம். மெல்ல, "நான் குளிக்கப் போறதே இல்லீங்க ஐயா" என்றார். குளிக்கும் இடத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இன்னொரு கைதி அவரை மடக்கி அடிக்கிறான், வீட்டிலிருந்து வருகிற சோப்பு, பிஸ்கட் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்கிறான். வெளியே சொன்னால் இன்னும் அடி.

முருகேசன் எழுந்துபோய்த் தொட்டிக்குப் பின்னால் நின்றார். காவல் நிற்கும் இடத்திலிருந்து என்னைப் பார்க்கச் சொன்னார். அவர் தலைகூடத் தெரியவில்லை. அவர் தினமும் நடந்துபோகிற வழி அது. முகம் சுண்டிப்போய் வந்தார். அறிக்கையில் அந்தப் பகுதியை வேறு யாரையும் எழுத விடவில்லை. "என் பணி நேரத்தில்" என்ற வார்த்தைகளையும் சேர்த்தே எழுதினார். அடித்தவனை வேறு சிறைக்கு மாற்றினார்கள். தொட்டியையும் இடம் மாற்றினார்கள். அடுத்த முறை நான் போனபோது தனசேகர் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே எங்களைப் பார்த்துக் கும்பிட்டார். முருகேசன் என் பக்கம் திரும்பினார்:

"இத்தினி வருஷமா எவன் வெளிய போறான்னே பாத்துக்கினு இருந்துட்டேன் ஐயா. எவன் குளிக்கலன்னு பாக்கவே இல்ல."

சம்பந்தி வீட்டு ஜன்னல்

தொழில் புத்தி விருந்துக்குப் போனாலும் கூடவே வரும். மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்குப் போயிருந்தோம். சம்பந்தி காபி எடுத்துவர உள்ளே போன நேரம் என் கை தானாக ஜன்னல் கம்பியை ஆட்டிப் பார்த்தது. பிறகு கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை. மகள் கண்ணாலேயே கெஞ்சினாள். திரும்பினால் சம்பந்தி பின்னாலேயே நிற்கிறார். டம்ளரை நீட்டிக்கொண்டே சொன்னார்:

"உங்க பொண்ண நாங்க பூட்டி வெக்கலீங்க சம்பந்தி. அதுதான் எங்க எல்லாரையும் அடக்கி வெச்சிருக்குது!"

ஊரில் உள்ள குறையையெல்லாம் பார்க்கக் கற்றுக்கொடுத்து வயிறு வளர்க்கிற எனக்கு, வாத்தியார் சாப்பாட்டு நேரத்தையும் தாண்டிப் பேசுகிறார் என்று என் மாணவர்கள் ஒன்றுகூடி எழுதிக் கொடுத்த தணிக்கைக் குறிப்பைவிடப் பெரிய பாராட்டு இதுவரை கிடைக்கவில்லை.