வண்டு பொறுக்கிய பிடி அரிசி

ஆண்டவர் எனக்குச் செய்த நன்மையைச் சொல்லத்தான் எழுதுகிறேன், சகோதர சகோதரிகளே. படிக்கும்போது உங்களில் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். ஆண்டவர் செய்ததை மட்டும் சொல்லிவிட்டு மனுஷர் செய்த அற்பத்தனத்தை மூடி மறைத்தால் அது பாதிச் சாட்சி. பாதிச் சாட்சி சொல்ல எனக்கு வராது.

தொண்ணூறுகளின் நடுவில் போத்தனூர்ப் பக்கம் வரிசையாகக் கட்டிய மில் லைன் வீடு ஒன்றில் குடியிருந்தோம். என் கணவர் டேனியலுக்கு நூல் மில்லில் வேலை. ஒரு நாள் காலை ஷிப்டுக்குப் போனவர் போன சுருக்கில் திரும்பி வந்தார். கேட்டில் பூட்டுத் தொங்குகிறது என்றார். அன்றிலிருந்து மில் சங்கு ஊதவில்லை. முதலில் என் கம்மல் போனது. பிறகு சைக்கிள், பிறகு பித்தளைப் பாத்திரங்கள். எல்லாம் போன பிறகு டேனியலுக்கு இருமல் வந்தது.

பெரியாஸ்பத்திரியில் டீபி என்றார்கள். மாத்திரை இலவசம். சாப்பிட்டுவிட்டுப் போட வேண்டும், ஒரு நாள்கூட விடக் கூடாது என்று நர்ஸம்மா கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். மாத்திரையைக் கொடுத்தார்கள், சாப்பாட்டுக்கு நான் எங்கே போவேன்? சோறு இருந்த நாளில் மாத்திரை வயிற்றில் தங்கியது. இல்லாத நாளில் வாந்தியாக வெளியே வந்தது. என் புருஷன் பிழைப்பதும் சாவதும் ஒரு வாய் சோற்றில் இருந்தது.

எங்கள் சபையில் பிடி அரிசி வழக்கம் உண்டு. சோறு பொங்கும் ஒவ்வொரு முறையும் உலையில் போடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனியாக வைக்க வேண்டும். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டுபோய்க் கோயில் பீப்பாயில் கொட்ட வேண்டும். ஆராதனை முடிந்ததும் அந்த அரிசி ஏலம் போகும். ஏலம் எடுக்கிறவர் எல்லார் முன்னிலையிலும் அள்ளிப் பார்ப்பார். அதனால் எல்லா வீட்டிலிருந்தும் நல்ல பொன்னி அரிசியே வரும். யார் என்ன அரிசி கொட்டுகிறார்கள் என்று பெண்கள் பாட்டுப் பாடிக்கொண்டே கடைக்கண்ணால் பார்ப்போம்.

புதிதாக வந்த ஆயர் ஏலத்தை நிறுத்தினார். மில் பூட்டிய லைன்களில் பட்டினி கிடக்கிறார்கள், அவர்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி, வாரா வாரம் இந்த அரிசியை அவர்களுக்குக் கொடுப்போம் என்றார். சபையே சத்தமாக ஆமென் சொன்னது. ஆமென் சொல்லக் காசு செலவில்லை அல்லவா?

அடுத்த மாதமே பொன்னி அரிசி காணாமல் போனது. ரேஷன் அரிசி வந்தது. கல்யாண வீட்டில் மிஞ்சிய பச்சரிசி வந்தது. டப்பாவின் அடியில் கட்டி பிடித்துக் கிடந்தது வந்தது. எல்லாவற்றையும் ஒன்றாகப் பொங்கினால் பாதி குழைந்து போகும், பாதி வேகாமல் விரைவிரையாக நிற்கும். சபைக்காரர் வாங்கித் தின்பார் என்றால் ஒரு அரிசி, பசித்தவன் தின்பான் என்றால் ஒரு அரிசி. இவர்கள்தான் ஞாயிற்றுக்கிழமை இஸ்திரி போட்ட சேலையில் வந்து அன்பைப் பற்றிப் பாடுகிறவர்கள்.

சபைச் செயலாளர் அரிசி மண்டி வைத்திருந்தார். அவர் ஒரு மூட்டையைத் தூக்கி வரச் சொல்லி அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். மூட்டையைப் பிரித்தால் உள்ளே அரிசியைவிட வண்டுதான் சுறுசுறுப்பாக இருந்தது. ஒன்று அவருடைய வெள்ளைச் சட்டைக் கையில் ஏறியது. சுண்டிவிட்டுச் சிரித்தார்.

"பசிக்கறவனுக்கு வண்டென்னங்க, கல்லென்னங்க" என்றார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள்.

பீப்பாய்ச் சாவி என்னிடம் இருந்தது. அளந்து கொடுப்பது என் பொறுப்பு, வாங்குகிறவர்களில் நானும் ஒருத்தி. முதல் வாரம் லைன் பெண்கள் வாங்கக் கூச்சப்பட்டார்கள். இது ஆரு குடுக்கற அரிசி என்று கேட்டார்கள். இது ஒருத்தர் கொடுப்பது இல்லை, உலையில் போடும் முன்பு ஒரு பிடியைச் சாமிக்கு என்று எடுத்து வைக்க வேண்டும், அதுதான் எங்கள் வழக்கம் என்று விளக்கினேன். அவர்கள் தலையாட்டினார்கள். நான் அதோடு மறந்துவிட்டேன்.

மாதங்கள் போகப் போகப் பீப்பாயில் அரிசி குறைந்தது. விளைச்சலைக் காணிக்கையாகப் படைக்கும் அறுப்பின் பண்டிகைக்கு முந்தின கமிட்டிக் கூட்டத்தில் செயலாளர் எழுந்தார். அவர்கள் நம் சபையார் இல்லை, வாங்கித் தின்றே பழகிவிடுவார்கள், பண்டிகையிலிருந்து பழையபடி ஏலம் போட்டுக் கோபுரத்துக்கு மணி வாங்கலாம் என்றார். ஆயர் ஒருவர்தான் கூடாது என்றார். மற்றவர்கள் மணிக்குக் கை தூக்கினார்கள். பசிக்கிறவன் காதில் மணிச்சத்தம் விழுந்தால் வயிறு நிறையும் என்று நினைத்தார்களோ என்னவோ!

பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை மத்தியானம் பீப்பாயைத் திறந்தேன். அடியில் தவிடும் இரண்டு செத்த வண்டும் கிடந்தன. ஏலத்தைப் பற்றித் தெரியாத லைன் சனம் மறுநாளும் பையோடு வந்து நிற்கும். வீட்டில் டேனியல் முந்தின நாள் மாத்திரையை வாந்தி எடுத்துவிட்டுப் படுத்திருந்தார். எனக்கு அழகாக ஜெபிக்கத் தெரியாது. பீப்பாயின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "ஆண்டவரே, இவங்களை நம்பி நான் இனிக் கேக்க மாட்டேன். இவங்க கையில நீங்க ஒண்ணும் குடுத்தனுப்ப வேண்டாம். வேற வழியிருந்தா நாளைக்கு இந்தக் காலிப் பீப்பாய நெப்பிக் காட்டுங்க" என்று அழுதேன். ஜெபமா சண்டையா என்று எனக்கே தெரியவில்லை.

வெறும் பையோடு லைனுக்குத் திரும்பினேன். குழாயடியில் பக்கத்து வீட்டுப் பழனாத்தா நின்றிருந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அவர் புருஷனுக்கும் அதே மில், அதே பூட்டு.

"ஏங்கண்ணு, எங்க பிடி அரிசிய எடுத்துட்டுப் போக உங்க கோயல்ல இருந்து ஆருமே வல்லியே?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. என்ன பிடி அரிசி என்றேன்.

"நீதான கண்ணு சொன்ன, ஒலையில போடறதுக்கு முன்ன ஒரு பிடி எடுத்து வெக்கோணும்னு. அன்னையிலிருந்து லைன் பூராவும் வெச்சுட்டுத்தான் இருக்கறம். சாமிக்கு வெச்சதைத் தொடக் கூடாதுன்னு பட்டினி கெடந்த அன்னைக்குக்கூடத் தொடலை."

நான் அப்படியே குழாயடிக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். கொடுத்ததே அரைவயிற்று அரிசி. வாங்குகிறவர்களும் பிடி வைக்க வேண்டும் என்று அவர்களாக நினைத்துக்கொண்டு, அதிலிருந்தும் எடுத்து வைத்திருக்கிறார்கள்.

பீப்பாய் காலி என்று சொன்னேன். பழனாத்தா ஒரு சத்தம் கொடுத்தார். வீட்டுக்கு வீடு கதவு திறந்தது. சருவச்சட்டியில், பால்பவுடர் டப்பாவில், பழைய தலையணை உறையில், முந்தானையில் அரிசி வந்தது. அத்தனையும் புடைத்து, கல் பொறுக்கி, வண்டு பொறுக்கி, வெயிலில் காய வைத்த அரிசி. ஏன் இவ்வளவு மெனக்கெட்டீர்கள் என்று கேட்டேன்.

"சாமிக்கு வெக்கறதுல வண்டு இருக்கலாமா கண்ணு?" என்றார் பழனாத்தா.

சாமிக்கு வைத்ததைச் சாமியிடம்தான் சேர்க்க வேண்டும் என்றார்கள். பொழுது சாயும் முன்னே கோயிலுக்குச் சுமந்துபோய்க் கொட்டினோம். பீப்பாய் விளிம்பு வரை நிறைந்தது. திரும்பி வந்ததும் பழனாத்தா தன் வீட்டுக் கஞ்சியில் ஒரு சொம்பு டேனியலுக்குக் கொண்டுவந்தார். அன்றைக்கு மாத்திரை தங்கியது.

மறுநாள் அறுப்பின் பண்டிகை. பீடத்துக்கு முன்னால் வாழைத்தார், பூசணி, கரும்பு, கால் கட்டிய கோழிகள். நடுவில் எங்கள் பீப்பாய். லைன் பெண்கள் பையோடு வெளியே வேப்பமரத்தடியில் நின்றார்கள். செயலாளர் ஏலத்தை அரிசியிலிருந்தே ஆரம்பித்தார். பீப்பாய்க்குள் கைவிட்டு அள்ளினார். ஊதிப் பார்த்தார், உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார். மண்டிக்காரர் முகம் மலர்ந்தது.

"இது ஆரு ஊட்டு அரிசிங்க? ஒரு கல்லு இல்லை, ஒரு வண்டு இல்லை. காணிக்கைன்னா இப்படி இருக்கோணுமுங்க" என்றார்.

நான் எழுந்தேன்.

"உங்க ஊட்டு அரிசிதானுங்க. நீங்க பசிக்கறவனுக்குன்னு குடுத்தீங்க. அவங்க சாமிக்குன்னு வண்டு பொறுக்கித் திருப்பிக் குடுத்திருக்கறாங்க. பசியோட பொறுக்கினவங்க வெளிய மரத்தடியில நிக்கறாங்க, போய்ப் பாருங்க."

அள்ளிய அரிசியை எங்கே போடுவது என்று தெரியாமல் அவர் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். யாரும் ஏலம் கேட்கவில்லை. ஆயர் இறங்கி வந்து பீப்பாயின் ஒரு பக்கத்தைப் பிடித்தார், மறு பக்கத்தை நான் பிடித்தேன். மரத்தடிக்குக் கொண்டுபோனோம்.

அதற்குப் பிறகு பொன்னி அரிசி திரும்பி வந்தது. அன்பினால் இல்லை, மானம் போய்விடுமே என்றுதான் வந்தது. வயிற்றுக்கு அந்த வித்தியாசம் தெரியாது என்பதால் வாங்கிக்கொண்டேன். லைன்களில் பிடி வைக்கும் பழக்கம் நிற்கவில்லை. பழனாத்தாவின் புருஷன் மூட்டை தூக்கப் போன இடத்தில் இதைக் கேட்ட ஒரு ராவுத்தர், தன் கடையிலும் பிடி அரிசிக்கு ஒரு டின் வைத்தார். பீப்பாய் அதன்பின் காலியாகவில்லை. மில் கடைசிவரை திறக்கவில்லை. ஆனால் டேனியல் மாத்திரையை முடித்தார். இன்று என்னைவிடச் சத்தமாகப் பாடுகிறார்.

நான் கேட்டது ஒரு பீப்பாய் அரிசி. ஆண்டவர் அதை நான் கேட்பதற்கு எத்தனையோ மாதம் முன்பே, என் பக்கத்து வீட்டிலேயே, பிடி பிடியாகச் சேர்க்கத் தொடங்கியிருந்தார். அவருக்குக் கோடி ஸ்தோத்திரம். கோபுரத்தைப் பார்த்து ஜெபித்த நான் இப்போது பக்கத்து வீட்டுக் கதவைப் பார்த்தும் ஜெபிக்கிறேன்.

உங்கள் பானை காலியாக இருந்தால் அவரிடம் கேளுங்கள். சண்டை போட்டாவது கேளுங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். பானை நிறைந்தவர்களே, உங்கள் பிடி அரிசியையும் கொண்டு வாருங்கள். வரும்போது நீங்களே வண்டைப் பொறுக்கிவிட்டு வாருங்கள். பழனாத்தாவுக்கு வேறு வேலை இருக்கிறது.