நேரலையில் மைமூன்

டேக்கா மார்க்கெட் மாடியில் ஆல்ட்டரேஷன் கடை வைத்திருக்கிறாள் மைமூன். பிளவுஸ் இறுக்கம், பேன்ட் நீளம், ஜிப் போனது என்று இருபது வருடமாக அவளிடம்தான் எல்லோரும் போகிறார்கள். துணியைப் பார்ப்பார்கள், கண்ணாடியைப் பார்ப்பார்கள், அவளை யாரும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. இதை அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள்.

அவளை மேடைக்குக் கொண்டுவந்தவள் நிரஞ்சனா. இருவரும் குவீன்ஸ்டவுனில் ஒரே புளோக்கில் வளர்ந்தவர்கள், ஒரே பள்ளி. நிரஞ்சனா நாடகக் குழு நடத்துகிறாள். மேடையில் ஆள் நடிக்க, அதே நேரம் கேமரா பிடிப்பது பின்னால் பெரிய திரையில் ஓடும். நான் அங்கே வீடியோ ஆப்பரேட்டர். எந்தப் படம் திரைக்குப் போகவேண்டும் என்று பட்டனை அழுத்துகிறவன். நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு. அதை நினைத்தால் இன்றுவரை என் மேலேயே எனக்கு எரிச்சல்தான்.

மகனை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு தாயின் கதை அது. தாயாக சுஷ்மிதா மேடையில் பேசுவாள். ஓரத்தில் ஒரு கறுப்புப் பெட்டிக்குள் உட்கார்ந்து மைமூன் அந்த மகனின் சட்டையை மடிப்பாள், பித்தான் தைப்பாள். அவள் கைகள் மட்டும் இருபதடி உயரத்துக்குத் திரையில் தெரியும். சுஷ்மிதாவின் குரல் தடுமாறினால் ஊசி நிற்கும். அவள் மூச்சு வாங்கினால் நூல் நடுங்கும். யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததல்ல இது.

முதல் நாள் முன்வரிசையில் ஒரு சீனப் பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைச் சொன்னேன்.

"என் கையைப் பார்த்தா அழுதாரு? சும்மா சொல்லாதீங்க அண்ணே" என்றாள். மறுநாள் கடைக்கு வந்த அத்தனை பேருக்கும் அதைச் சொல்லியிருக்கிறாள்.

இரண்டாம் நாள் கேமரா கேபிள் காலை வாரிவிட்டது. திரை ஆறு வினாடி கறுத்துப்போனது. நிரஞ்சனாவுக்கு உயிரே போய்விட்டது.

"ஒத்திகையில அவ கையை ரெக்கார்ட் பண்ணோமே, இனிமே அதையே ப்ளே பண்ணிடுங்க. ரிஸ்க் வேணாம் லா."

"அப்ப மைமூன்?"

"அவ உட்காரட்டும். போஸ்டர்ல லைவ்னு போட்டிருக்கோம், பெட்டி காலியா இருக்கக்கூடாது. அவகிட்ட சொல்லாதீங்க, மனசு உடைஞ்சிடுவா."

மனசு உடைந்துவிடுமாம். என்ன அக்கறை! நானும் தலையாட்டினேன்.

மூன்றாம் நாளிலிருந்து திரையில் ஓடியது ஒத்திகைக் கைகள். மைமூன் நிஜமாகத் தைத்தது என் மேசையிலிருந்த சின்ன மானிட்டரோடு நின்றது. பெட்டிக்குள்ளிருந்து அவளுக்குத் திரை தெரியாது. தினமும் தொடங்கும் முன் ஹெட்செட்டில் கேட்பாள், "கை நல்லா தெரியுதா அண்ணே?"

"தெரியுதும்மா" என்பேன். எனக்குத் தெரிந்ததே, அந்தத் தைரியத்தில்.

பதினோராம் நாள் கடையில் கத்தரி பட்டு, விரலில் பிளாஸ்டரோடு வந்தாள். இத்தனை பெரிய திரையில் அது தெரியுமே என்று தவித்தாள். "யாரும் பார்க்க மாட்டாங்க, விடுடி" என்றாள் நிரஞ்சனா. அன்று அவள் பேசியதில் அது ஒன்றுதான் உண்மை.

அன்றைக்குத்தான் மைமூனின் கணவர் ரஃபீக் வந்திருந்தார். தெம்பனிஸில் பஸ் ஓட்டுகிறவர், அதுவரை லீவு கிடைக்கவில்லை. நாடகம் முடிந்ததும் வாசலில் நின்று கேட்டார், "பிளாஸ்டரை எப்பக் கழட்டினே மைமூன்? திரையில காணோமே?"

அவள் தன் விரலைப் பார்த்தாள். பிளாஸ்டர் அப்படியே இருந்தது. பிறகு, பக்கத்தில் கேபிள் சுருட்டிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தாள். நான் குனிந்துகொண்டேன். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

மறுநாள் கடைசிக் காட்சி. வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். சரியான நேரத்துக்கு வந்து பெட்டிக்குள் உட்கார்ந்தாள். ஹெட்செட்டில் என்னிடம் அவள் எதுவும் கேட்கவில்லை. திரையில் கைகள் சட்டை மடித்தன. என் மானிட்டரில் மேசையும் சட்டையும் ஊசி டப்பாவும் மட்டும் இருந்தன. எழுபது நிமிடமும் அவள் மடியிலிருந்து கையை எடுக்கவேயில்லை. ஒரு பட்டனைத் தட்டினால் அந்த வெறும் மேசை அத்தனை பேர் முன்னாலும் திரைக்குப் போயிருக்கும். விரலை அதன் மேல்தான் வைத்திருந்தேன். அழுத்தவில்லை. அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

நிரஞ்சனா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "இன்னைக்குத்தான்டி பெஸ்ட்! பித்தான் தைக்கிற இடத்துல உன் கை எப்படி நடுங்குச்சு தெரியுமா!"

"நீ பார்த்தியா?"

"கண்ணையே எடுக்கலடி."

"இன்னைக்கு நான் ஊசியைக்கூடத் தொடல, நிரஞ்சு."

மைமூன் பையை எடுத்துக்கொண்டு என் மேசைப் பக்கம் வந்து நின்றாள். குரல் உயரவில்லை. கண் மட்டும் சிவந்திருந்தது.

"நான் உள்ள இருக்கேனா இல்லையான்னே அவளுக்குத் தெரியல. நீங்க தினமும் என்னைப் பார்த்துக்கிட்டேதானே அண்ணே இருந்தீங்க?"