மச்சான் வரைந்த ஜன்னல், மாப்பிள்ளை வரைந்த படி

இந்த ஊரில் லட்சணமாக நிற்கிற ஒரு பழைய கட்டடத்தைக் காட்டுங்கள், அதில் எங்கள் அக்கா எங்கே கை வைத்தாள் என்று நான் காட்டுகிறேன். தபால் ஆபீஸ், கோர்ட், பெரிய ஆஸ்பத்திரி எல்லாம் வாசல் கல்லில் இரண்டு ஆண்களின் பெயரைச் சுமந்துகொண்டு நிற்கின்றன. அக்கா பெயர் எங்கும் கிடையாது. அதற்காக நான் ஒப்பாரி வைக்கப் போவதில்லை. அவளே வைக்கவில்லை, எனக்கென்ன வந்தது?

அந்த இரண்டு பேரும் மச்சான், மாப்பிள்ளை. பெரியவர் தன் தங்கையை இளையவருக்குக் கட்டிக்கொடுத்த கையோடு, கட்டடப் படம் வரையும் தன் தொழிலிலும் சேர்த்துக்கொண்டார். அதனால் தலை நரைத்த பிறகும் ஆபீஸில் இளையவர் 'மாப்பிள்ளை சார்'தான். பெரியவர் கட்டடத்தின் வெளிப்பக்கம் வரைவார்: வாசல், தூண், ஜன்னல். மாப்பிள்ளை சார் உட்பக்கம் வரைவார்: அறைகள், மாடிப்படி, கழிவறைக் குழாய் உட்பட. ஆளுக்கொரு அறை. நடுக்கூடத்தில் அக்காவின் சாய்வு மேஜை, அதற்குப் பின்னால் என் டைப்ரைட்டர்.

இவர் வரைந்ததை அவர் பார்க்க மாட்டார், அவர் வரைந்ததை இவர் பார்க்க மாட்டார். கேட்டால் மரியாதையாம்! மாப்பிள்ளையின் படத்தில் குற்றம் கண்டுபிடித்தால் வீட்டில் தங்கை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள் என்று பெரியவருக்குப் பயம். மச்சானைச் சோதிப்பதாவது என்று மாப்பிள்ளை சாருக்குக் கூச்சம். ஆகவே இரண்டு தாள்களும் அக்காவிடம் வரும். ஒன்றின் மேல் ஒன்றை வைத்து, மேலே டிரேசிங் தாளைப் போட்டு, மையில் ஒரே படமாக எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. இருவரும் பார்க்காமலே கையெழுத்துப் போடுவார்கள்.

வைத்துப் பார்த்தால் ஒன்றோடொன்று எங்கே பொருந்தும்? ஜன்னல் இருக்கிற இடத்தில் சுவர் வந்து முட்டும். தூணுக்கு நேர் பின்னால் குளியலறை இருக்கும். அக்கா வாயைத் திறக்காமல் இதை ஒரு முழம் தள்ளுவாள், அதை ஒரு சாண் இழுப்பாள். கட்டடம் எழும்பியதும் ஏதாவது இடம் மாறியிருந்தால், 'மாப்பிள்ளை ஆசைப்பட்டிருப்பார்' என்று பெரியவரும், 'மச்சான் சொல்லியிருப்பார்' என்று மாப்பிள்ளை சாரும் விட்டுவிடுவார்கள். பதினெட்டு வருஷம் இந்தக் கூத்து நடந்தது. எனக்கு மட்டும் தெரியும். சிரிப்பை அடக்கி அடக்கியே என் வயிறு புண்ணானதுதான் மிச்சம்.

அப்புறம் அக்காவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. படுத்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து நூலகக் கட்டட வேலை. அவள் இடத்துக்குத் தற்காலிகமாக ஒருவர் வந்தார், நில அளவைத் துறையில் ஓய்வு பெற்றவர். கடைந்தெடுத்த யோக்கியர். கண்ணில் பட்டதை அப்படியே மையில் எடுத்துக் கொடுத்துவிட்டார்.

நூலகக் கமிட்டித் தலைவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வாசலுக்கு மேல இந்த வட்ட ஜன்னல் பிரமாதம் சார். ஆனா அதுக்குக் குறுக்கால மாடிப்படி போகுதே? மேல ஏறுறவங்களோட கால் மட்டும் ரோட்டுக்குத் தெரியுமோ?"

இரண்டு பேர் முகத்திலும் ஈயாடவில்லை. சரி செய்ய ஒரு வாரம் கொடுத்துவிட்டுத் தலைவர் போனார். அவ்வளவுதான், பதினெட்டு வருஷ மரியாதையும் பறந்தது. ஜன்னலைக் கெடுக்கவே படியைக் கொண்டுவந்து வைத்ததாகப் பெரியவர், படியை மட்டம் தட்டவே ஜன்னல் வரைந்ததாக மாப்பிள்ளை சார். ஆளுக்கொரு கதவைச் சாத்திக்கொண்டு, தொழில் கூட்டை முறித்துக்கொள்ள என்னிடம் கடிதம் சொன்னார்கள். 'பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு' என்று ஒன்று. 'வணக்கத்திற்குரிய மச்சான் அவர்களுக்கு' என்று இன்னொன்று. இரண்டையும் அடித்தவள் நான். என் தலையெழுத்து!

சாயங்காலம் வீட்டுக்குப் போய் அக்காவிடம் கொட்டினேன். அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"உண்மையைச் சொல்லிடட்டுமா?"

"சொன்னா உன்னை வெச்சிருப்பாங்களாக்கா? அவங்க படத்தை அவங்களுக்கே தெரியாம மாத்தியிருக்கே."

"வெச்சிருக்க மாட்டாங்க. சொல்லலேன்னா ஆபீஸே இருக்காது. எப்படியும் என் வேலை போகுது, சொல்லிட்டே போகட்டும்." போர்வையை மடித்து வைத்தாள். "அந்த மேஜையை விட்டா எனக்கு வேற என்னடி தெரியும்?" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் மஞ்சள் கண்ணோடு வந்து, இருவரையும் கூடத்துக்கு வரவழைத்து எல்லாவற்றையும் சொன்னாள். தபால் ஆபீஸ் வளைவு தொடங்கி ஒன்று விடவில்லை. "என் கோட்டுல கை வைக்க நீ யாரு?" என்று மாப்பிள்ளை சார் கத்தினார். பெரியவர் வாசலைக் காட்டினார். அக்கா ஸ்கேலை மேஜை மேல் வைத்துவிட்டு நடந்தாள்.

மூன்றாம் நாள் காலை எங்கள் வீட்டு வாசலில் இரண்டு பேரும் நின்றார்கள். பெரியவர் கையில் ஒரு சுருள், மாப்பிள்ளை சார் கையில் ஒரு சுருள்.

"நாங்களே பொருத்திப் பார்த்துக்கலாம்னுதான் இருந்தோம்மா," என்றார் பெரியவர்.

"அப்புறம்?"

"யார் முதல்ல பார்க்கிறதுன்னே முடிவாகல. நீ வேலைக்கு வந்துடு."

அக்கா சுருள்களை வாங்கிச் சாப்பாட்டு மேஜையில் விரித்தாள். "வரேன். ஆனா இதை இப்ப ரெண்டு பேரும் சேர்ந்து பார்க்கணும். பார்த்தாத்தான் நான் பென்சிலைத் தொடுவேன்."

வேறு வழியில்லாமல் குனிந்தார்கள். கட்டி முடித்ததைப் பார்த்திருக்கிறார்கள், அதெல்லாம் அக்கா கை பட்ட பிறகு. ஒருவர் கோட்டை ஒருவர் பார்ப்பது இதுதான் முதல் தடவை. பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, படியை ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டே மேலே போனார். திருப்பத்தில் விரல் நின்றது.

"இவ்வளவு நல்லா வரைவீங்களா மாப்ளே நீங்க?"

மாப்பிள்ளை சார் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. "இதுக்குக் குறுக்கால போய்ப் படியை வெச்சிருக்கேனே மச்சான்," என்றார் கடைசியில்.

"பதினெட்டு வருஷமா இதை நான் ஒருத்தியேதான் பார்த்துக்கிட்டிருந்தேன்," என்றாள் அக்கா. பிறகு பென்சிலை எடுத்து இருவருக்கும் நடுவில் வைத்தாள்.